அலவாங்கைத் தின்ற வழக்கு

ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்கசபைக்கு வடிவம்மா எழுதிக் கொடுத்த முறைப்பாடு முழுப் பொய். குழி தோண்ட இரவல் வாங்கிப் போன அலவாங்கைத் தன் தம்பி மாயாண்டி ஏழு வருடமாகத் திருப்பித் தரவில்லை என்று அதில் இருந்தது. அந்த நாலடி இரும்புக் கடப்பாரையோ அவளுடைய கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றிப் பத்திரமாகக் கிடந்தது.

பொய் சொல்ல அவளுக்கு ஆசை இல்லை, வேறு வழிதான் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் அவளுடைய புருசன் செத்த அன்று, பிரேதம் எடுக்கிற நேரத்தில்தான் மாயாண்டி வந்து சேர்ந்தான். ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, "இப்ப ஏன் வந்தனீ? செத்தவீட்டுச் சோறு தின்னவோ?" என்று கேட்டுவிட்டாள். அவன் அத்தானுக்கு வாய்க்கரிசிகூடப் போடாமல் வந்த வழியே போய்விட்டான். அவன் ஏறி வந்த டிராக்டர் நடுக்காட்டில் பழுதாகிப் போனதும், யுத்தத்தில் ஷெல் பட்டு இழுபடுகிற இடது காலோடு அவன் பதினொரு கட்டைத் தூரம் ஓடி வந்ததும் மூன்றாம் நாள்தான் அவளுக்குத் தெரியவந்தது.

வாய்க்கொழுப்பு சீலையால் வடிந்த கதைதான். அக்காக்காரி போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பதா என்று முதல் வருடம் வீம்பில் போனது. அடுத்த வருடம் வெட்கத்தில் போனது. அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தால் அவன் சைக்கிளை வேறு ஒழுங்கைக்குள் திருப்பத் தொடங்கிவிட்டான். இப்போது ஆவணியில் மகள் சுகந்தினிக்குக் கலியாணம். தாய்மாமன் வராமல் மணவறையில் மாலை எடுத்துக் கொடுப்பது யார்? வடிவம்மா கலியாணக் கார்ட்டோடு போய் அரை மணித்தியாலம் நின்றும் அவன் படலையைத் திறக்கவில்லை. ஆனால் இணக்கசபைக் கடிதம் போனால் வந்துதான் ஆகவேண்டும். முன்னால் நிற்பான். சபையார் "சொல்லுங்கோ" என்பார்கள். அப்போது அலவாங்கை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதமாகக் கச்சான் கடலை பிடுங்கும்போதெல்லாம் அந்தச் செடிகளிடம் சொல்லிச் சொல்லி அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

சபைத் தலைவர் சிவராசாவை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

சிவராசா இளைப்பாறிய உடற்பயிற்சி வாத்தியார். போன மாதம் ஒரு வேலி வழக்கு வாயில் தொடங்கிக் கதிரை வீச்சில் முடிந்ததில் அவருடைய நெற்றியில் மூன்று தையல். காயம் ஆறுமுன்னே வவுனியாவில் யாரோ நடத்திய மூன்று நாள் பயிற்சிக்குப் போய், 'அசைவின் வழி மனவெளிப்பாடு' என்று ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தார். சனிக்கிழமை காலை சபை கூடுகிற பள்ளிக்கூட வகுப்பறையில் அதைக் கரும்பலகைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

"இனி இந்தச் சபையில ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. வாய்தான் எல்லா வழக்குக்கும் தாய். உடம்பு பொய் சொல்லாது. கோவமோ கவலையோ, ஆடிக் காட்டுங்கோ. கதைச்சால் விசில்," என்றார்.

அவருக்கு ஒரு பக்கத்தில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்ற நாகேஸ்வரி. மறுபக்கத்தில் இரும்புக்கடை சரீப். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், சொந்தப் புத்தியைச் சேர்க்கக் கூடாது என்று பதிவுப் புத்தகம் சரீபிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

முதல் வழக்கு, ஒருவருடைய பயற்றங்கொடியை மற்றவருடைய மாடு தின்றது. தோட்டக்காரர் வெட்கத்தை விட்டு, நாலுகாலில் நின்று, அந்த மாடாகவே மேய்ந்து காட்டினார். இடையில் இல்லாத வாலால் மொய்க்கிற இலையானை வேறு கலைத்தார். மாட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டை இனிக் கட்டி வளர்ப்பதாகக் கையொப்பம் வைத்தார். சிவராசா சான்றிதழை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது வடிவம்மாவின் வழக்கு. கதவுக்குப் பக்கத்தில் மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றான். தலை நரைத்திருந்தது. ஏழு வருடத்தில் தம்பியை இவ்வளவு கிட்ட அவள் பார்த்ததில்லை.

"ஐயா, எனக்கு ஆடத் தெரியாது. நான் வாயால சொல்லுறன், தம்பி வந்து..."

விசில் பறந்தது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். அம்மா, அலவாங்கு போன கவலையை ஆடுங்கோ," என்று சிவராசா கைபேசியில் புல்லாங்குழல் இசையைப் போட்டார்.

கவலையாம், கட்டிலுக்குக் கீழே கிடக்கிற இரும்புக்குக் கவலை! சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். வடிவம்மா இரண்டு கையாலும் இல்லாத அலவாங்கைப் பிடித்து இல்லாத நிலத்தில் நாலு தரம் குத்தினாள். பிறகு கையை விரித்துக் காட்டினாள். நடுவில் புல்லாங்குழல் நின்று ஏதோ உர விளம்பரம் ஓடியது. நிற்பதா ஆடுவதா என்று தெரியாமல் அதற்கும் இரண்டு குத்துக் குத்தினாள்.

"நாலடி. முனை மழுங்கல்," என்று சரீப் எழுதினார்.

"இனி நீங்கள், மாயாண்டி."

மாயாண்டி அசையவில்லை. நட்ட கட்டை மாதிரி நின்றான். சிவராசா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பாருங்கோ, பாருங்கோ! அலவாங்காகவே நிக்கிறார்!"

சரீப் அதையும் எழுதினார். இரண்டு நிமிடம் போனது. சிவராசாவுக்கே அலுத்துவிட்டது. இனி இணங்கவில்லை என்று எழுதிக் கொடுப்போம், இருவரும் கோர்ட்டுக்குப் போகட்டும் என்றார். மாயாண்டி கையை அவிழ்த்து வாசல் பக்கம் திரும்பினான்.

போனால் போனதுதான். இனி எந்தப் பொய்யும் அவனைக் கொண்டுவராது. விசில் இருக்கும்வரை வடிவம்மாவின் மனப்பாடத்தால் பயனில்லை. முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு? சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வகுப்பறையின் நடு நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து வைத்தாள். கண்ணை மூடினாள்.

"இதென்ன, அலவாங்கைப் படுக்கப் போட்டாச்சோ?" என்றார் சரீப். நாகேஸ்வரி "உஷ்" என்றாள்.

வடிவம்மா எழும்பினாள். தன் இடது காலை இழுத்தாள். இழுத்துக்கொண்டே ஓடினாள். கரும்பலகையிலிருந்து சன்னல், சன்னலிலிருந்து கதவு. தம்பியின் ஓட்டம் அது, அதே தோள் சரிவு, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்குகிற அதே விதம். மேசையைச் சுற்றிச் சுற்றிப் பதினொரு தரம் ஓடினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள், பத்து விரலும் முடிய நெஞ்சில் தட்டினாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரி. மூச்சு இழுத்தது, கொண்டை அவிழ்ந்தது. புல்லாங்குழலுக்கு நடுவில் உரக்காரன் மறுபடி வந்து போனான்.

"ஆள் அலவாங்கோடு ஓடுகிறார். நொண்டி," என்று சரீப் எழுதினார்.

பதினோராவது சுற்றில் அவள் மாயாண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். கையை ஓங்கித் தன் வாயிலேயே அடித்தாள். ஒருதரம். இரண்டுதரம். மூன்றாம் தரம் உதடு வெடித்துவிட்டது. பிறகு வெறும் கை இரண்டையும் அவனுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு நின்றாள். ஆட இனி ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

மாயாண்டி அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு இழுபடுகிற இடது காலை ஒரு பக்கம் நீட்டிவிட்டு நிலத்தில் குந்தினான். முன்னால் இல்லாத வாழையிலைக்குத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் வழித்துவிட்டான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

செத்தவீட்டுச் சோறு. வடிவம்மாவுக்கு விளங்கிவிட்டது. காற்றிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய். அவன் பிசைந்தான், உருட்டினான், வாயில் வைத்தான், மென்று விழுங்கினான். கண்ணிலிருந்து வழிந்தது தாடியில் இறங்க இறங்கத் தின்றான். இலையைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். அவளும் போட்டாள். நாகேஸ்வரி மூக்கைத் துடைத்தாள். சிவராசா விசிலை வாயில் வைத்தது வைத்தபடி இருந்தார்.

மாயாண்டி கடைசிப் பருக்கையையும் வழித்து நக்கிவிட்டுச் சொன்னான்:

"உப்புக் காணாது, அக்கா."

விசில் பறந்தது. சிவராசாவை யாரும் பொருட்படுத்தவில்லை.

சரீப் பதிவை வாசித்தார்: "முறைப்பாட்டாளர் அலவாங்கைப் பரிமாறினார். எதிராளி அதைப் பிசைந்து சாப்பிட்டார். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உப்புக் குறைவு. ஆகையால் அலவாங்கு இப்போது இல்லை. இரு பகுதியும் இணங்கின."

இருவரும் அதற்குக் கீழே கையொப்பம் வைத்தார்கள். இவ்வளவு அழகாக இரும்பு ஜீரணமாகி அந்தச் சபை கண்டதில்லை என்று சிவராசா இருவருக்கும் கைகொடுத்தார்.

வெளியே வேப்பமரத்துக்குக் கீழே மாயாண்டி சைக்கிளை எடுத்தான். வடிவம்மா வெடித்த உதட்டைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விசில் இல்லாத இடத்தில் அவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"கலியாணப் பந்தலுக்கு எப்ப கால் நடுறது?" என்று கேட்டான்.

"வெள்ளிக்கிழமை."

"விடியவே வாறன். கட்டிலுக்குக் கீழ கிடக்கிற அலவாங்கை எடுத்து முற்றத்தில வை. குழி நான் தோண்டுறன்."

வடிவம்மாவின் முகம் எரிந்தது. "அது அங்கதான் கிடக்குதெண்டு தெரியுமோ உனக்கு?"

"அத்தான் எப்பவும் அங்கதானே வைக்கிறவர்."

"பிறகேன்டா இந்தப் பொய் வழக்குக்கு வந்தனீ?"

மாயாண்டி சைக்கிளில் ஏறவில்லை. அவளோடு நடப்பதற்காக அதை உருட்டத் தொடங்கினான்.

"பொய் எண்டு தெரிஞ்சபடியால்தான் வந்தனான்," என்றான்.