மிச்சமிருக்கும் ஒன்று

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்க விடாமல் என் மாமியார் ஞானமணி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நான் தனியாகவே போயிருப்பேன். பஸ் குலுங்கும், தையல் பிரியும், நானும் வாரேன் என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். இடது சினைப்பையில் கட்டி வளர்ந்து முறுக்கிக்கொண்டது. வலியில் நான் மயங்கி விழுந்த அன்றே வயிற்றைத் திறந்தார்கள். அந்தச் சினைப்பை கறுத்துப் போயிருந்ததால் எடுத்துவிட்டார்கள். வலது பக்கமும் சின்னதாக ஒரு கட்டி. கட்டியை மட்டும் நீக்கிவிட்டுச் சினைப்பையை விட்டுவைத்திருக்கிறார்கள். அது இனி வேலை செய்யுமா? கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் குழந்தை இல்லை.

மாமியாரிடம் நானும் என் கணவர் சார்லஸும் வயிற்றில் கட்டி, எடுத்தாகிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அது என் யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது, ஷர்லிக்கு இனிமேல் இல்லையாமே என்று ஆரம்பித்தால் போதும். அப்புறம் டாக்டரே வந்து மறுத்தாலும் எடுபடாது. சார்லஸ் லீவு முடிந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டார். தினமும் போனில் எல்லாம் சரியாகிவிடும் என்பார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

டாக்டர் தையலைப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்றார். அவ்வளவுதான், மாமியார் ஆரம்பித்துவிட்டார். கத்திரிக்காய் சாப்பிடலாமா, கருவாடு ஆகுமா, தண்ணீர்க் குடம் தூக்கலாமா, ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம். டாக்டரும் பொறுமையாகக் கருவாடு வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே கூட்டம் நெரிந்தது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மருந்துச் சீட்டை மாமியார் கையில் கொடுத்து, நீங்கள் போய் வாங்கிக்கொண்டிருங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றேன். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, இவளுக்கு ஒரு பக்கம் மிச்சம் விட்டு வச்சிருக்கீங்களே, அது வேலை செய்யுமா? பிள்ளை தங்குமா?”

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். உங்களுக்கு யார் சொன்னது என்றுதான் வாயில் வந்தது.

“யாரு சொல்லணும்? எடுத்தத ட்ரேயில வச்சு நர்சு வெளிய கொண்டாந்து காட்டுச்சு. ஒன் புருசன் செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னான். நாந்தான் பாத்தேன். என்ன ஏதுன்னும் நாந்தான் கேட்டுக்கிட்டேன்.”

தானே பார்த்ததாகவும், அம்மா அப்போது டீ குடிக்கப் போயிருந்ததாகவும் சார்லஸ் என்னிடம் சொல்லியிருந்தார். அவரை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். ஒரு சினைப்பை இருந்தாலே பலருக்குப் போதும். ஆனால் இதிலும் கத்தி பட்டிருப்பதால், எவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கிறது என்று இன்றைக்கே சொல்ல முடியாது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கவனிக்க வேண்டும். சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்க்கலாம். குழந்தை பிறக்கும் என்றும் சொல்லமாட்டேன், பிறக்காது என்றும் சொல்லமாட்டேன் என்றார். நான் பயந்த பதிலும் அதில் இல்லை, ஆசைப்பட்ட பதிலும் இல்லை.

வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நின்றோம். இத்தனை நாள் தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். நீயாகச் சொல்லுவாய் என்று பார்த்தேன், சொல்லாதது எனக்கு வருத்தம்தான் என்றார் மாமியார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரிடம்கூடக் கேட்க முடியாத ஒன்று எனக்குள் மீதியிருந்தது. அதையும் கேட்டுவிட்டேன்.

“இல்லைன்னு வந்துட்டா என்ன அத்தை பண்ணுவீங்க?”

அவர் சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டுத் திரும்பினார்.

“என்னத்தப் பண்றது? இன்னைக்குப் போற மாதிரியே பஸ் ஏறி வீட்டுக்குப் போவோம். நீ வேற எங்கிட்டுப் போவ?”

அத்தனை பேர் பார்க்க, கடை வாசலில் நின்று நான் அழுதேன்.