பங்களாவின் முன்வாசல்

கொட்டகலையிலிருந்து நானுஓயா வரை ரயிலில் நின்றபடியே வந்ததில் பிரேமினிக்குக் கால் கடுத்தது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு வேனில் ஒடுங்கிக்கொண்டு வந்ததில் அப்பாவுக்கு முதுகு வலி. இருவருமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பா பொன்னையா முப்பது வருடம் இந்தப் பங்களாவின் பூந்தோட்டத்தைப் பார்த்தவர். அப்போது இது தேயிலைத் தோட்டத் தொரையின் வீடு, இப்போது ஹோட்டல். ஒருநாள்கூட அவர் உள்ளே போனதில்லை. வேலையாட்களுக்குப் பின்னால், சமையல் நடக்கும் குசினிப்பக்கம்தான் வழி, அதுவும் படி வரைக்கும். ஒரு தடவையாவது அவரை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய், ஜன்னலோரத்தில் உட்காரவைத்துத் தேத்தண்ணி குடிக்கச் செய்ய வேண்டும் என்பது பிரேமினியின் ஆசை. நாலு மணிக்கு மேசை சொல்லி வைத்திருந்தாள்.

அப்பாவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பெயரைச் சொன்னாள். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். கூடத்தில் வழிகாட்டி ஒருவர் பயணிகளுக்குப் பங்களாவின் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்: எந்தத் தொரை கட்டினார், எவர் யானை சுட்டார், ரோஜாக்கள் எந்தக் கப்பலில் வந்தன. எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ரோஜாக்களுக்கு நடுவில், கையில் கத்தரியோடு, அப்பா குனிந்து நின்றார்.

பிரேமினி ஓடினாள். பின்பக்கம் போனவரைக் குசினி ஆட்கள் அன்றைக்கு வரச்சொல்லியிருந்த கூலியாள் என்று நினைத்துக் கத்தரியைக் கொடுத்துவிட்டார்களாம். இவரும் வாங்கிக்கொண்டார்.

"நான் அந்த ஆள் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா?"

"முன்னுக்கு நின்னேன் தாயி. ஒருத்தரும் என்னான்னு கேக்கல. பின்னுக்குப் போனேன், வாங்கன்னாங்க."

அவள் கத்தரியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து முன்வாசலுக்கு நடத்தினாள். பணியாள் கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு ஒதுங்கி நின்றார். அவர் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார். குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்தது பிரேமினிதான். விரலிடுக்கில் ஈரமண், உள்ளே வெளிர்நிறக் கம்பளம். ஒரு கணம்தான். அப்பா கவனித்துவிட்டார்.

"நீ போய்க் குடிச்சிட்டு வா. நான் இங்கனயே இருக்கேன்."

கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை, அசையவுமில்லை. இன்னொரு தடவை கெஞ்ச அவளிடம் தெம்பில்லை. மேசை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து, படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.