மூன்று நாள் புரட்டாத மரத்தூள்

மரவாடியில் ரம்பம் ஓட்டுகிறவருக்கு வயிறு எரிய ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. கிரேன் ஓட்ட வந்து சேர்ந்த தங்கை புருஷன்தான் காரணம். ஆறு வருஷம் சோறு போட்டு வளர்த்த செவலை நாய், இப்போது காலையில் கேட் திறந்ததும் இவரைத் தாண்டி ஓடி அவன் காலடியில் புரள்கிறது.

"மச்சான், உங்க நாய் என்னை விடவே மாட்டேங்குது" என்று அவன் சிரிப்பான். உங்க நாயாம். இவர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் நனைந்த மரத்தூள் குவியலுக்குள் தேரைகள் பதுங்கும். நாய் கவ்வினால் தேரையின் தோலிலிருந்து பால் மாதிரி விஷம் கசியும். அதனால் வேலை முடிந்ததும் மண்வெட்டியால் குவியலைப் புரட்டி, அகப்பட்டதையெல்லாம் வாளியில் அள்ளி ஓடைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வருவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

இந்த வாரம் செய்யவில்லை. யாரிடம் வாலாட்டுகிறதோ அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று நாள் மண்வெட்டியைத் தொடாமலே வீட்டுக்குப் போனார்.

நாலாம் நாள் காலை, ரம்பம் ஓடுமுன் மாப்பிள்ளையின் அலறல் கேட்டது. நாய் நுரை தள்ளிக் கால் விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் கடிபட்ட தேரை. அவன் நாயின் தலையை நிமிர்த்தி வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"விடுய்யா. தண்ணியோட விஷமும் உள்ள போயிடும். தலையைக் கீழே சாய்."

தோளில் கிடந்த துண்டை நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்து உட்புறம் எல்லாம் வழித்துத் துடைத்தார். அலசினார், மறுபடி துடைத்தார். பல் பட்டு விரல் கிழிந்தது. பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மரவாடிக்குத் திரும்பிய பிறகு, மத்தியானம் நாய் எழுந்து நின்றது. தள்ளாடி நடந்துபோய் மாப்பிள்ளை மடியில் தலை வைத்தது.

"இங்க தேரையே பார்த்ததில்லையே மச்சான். எங்கேருந்து வந்துச்சு?"

"எப்பவும் இருக்கும். சாயங்காலம் நான் பொரட்டி எடுத்துடுவேன். மூணு நாளா எடுக்கலை."

"ஏன்?"

"உங்க மடியில கிடக்குதே, அதனாலதான்."

மாப்பிள்ளை நாயின் தலையை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்தான். பிறகு, "மண்வெட்டி எங்க இருக்கு? இனிமே நான் பொரட்டறேன்" என்றான்.

இவருக்குத் திக்கென்றது.

"நாய் உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ளே. அந்த மண்வெட்டியில மட்டும் கை வைக்காதீங்க."

சாயங்காலம்வரை பொறுக்கவில்லை. கட்டுப்போட்ட விரலோடு குவியலைப் பார்த்து நடந்தார்.