குறுக்கே நறுக்கிய ஆங்கிலம்

எங்கள் மில் காலனியில் அறுபத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆங்கிலம்தான் இருந்தது. சங்கச் செயலாளர் தேவசகாயம் அதை ஈரத்துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். கல்லூரியில் சேரப் போகிறவர்களும் இண்டர்வியூவுக்குப் போகிறவர்களும் நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கி, நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு போவார்கள். கருவாடு சாப்பிட்டிருந்தால் நன்றாக அலம்பித் திருப்பித் தர வேண்டும்.

அந்த வருடம் எனக்கும் இசக்கியப்பனுக்கும் மதுரையில் ஒரே நாளில், ஒரே கம்பெனியில் இண்டர்வியூ. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் எடுத்துக்கொண்டு மற்றவனை வெறும் வாயோடு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

"ஆளுக்குப் பாதியா கொண்டு போங்கல," என்றார் தேவசகாயத்தின் மனைவி ரூபி அக்கா. நீளவாக்கில் நறுக்கியிருக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் குறுக்கே நறுக்கிவிட்டார். பஸ்ஸில்தான் தெரிந்தது. புரிகிற பாதி எனக்கும், பேசுகிற பாதி அவனுக்கும் வந்திருந்தது. வழி முழுக்க அவன் ஆங்கிலம் பேசினான். என்ன பேசினான் என்று நான் அவனுக்குச் சொன்னேன். சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு நான் எந்தப் பஸ்ஸிலும் போனதில்லை.

என்னிடம் ஏழு கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் புரிந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இசக்கியப்பனிடம் அப்பா பெயரைக் கேட்டார்கள். அவன் மழைக்காலத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினான். எழுந்து நின்று கைகொடுத்து, அடுத்த வாரமே பம்பாய்க்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் என் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அவன் அங்கன முழிப்பாம்லா. நீயே வச்சுக்க," என்றார் தேவசகாயம்.

நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு காலையில் அங்கே போன் வந்தது. "ஏல, இவங்க என்னல சொல்லுதாங்க?" என்றான் இசக்கியப்பன். ரிசீவரை மேசைமேல் வைத்தான். நான் கேட்டுத் தமிழில் சொன்னேன், பதிலும் சொன்னேன். அவன் அதைப் பேசினான்.

முப்பத்துமூன்று வருடம் நாங்கள் அந்தப் போனை வைக்கவில்லை. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே புத்தகம் அடுக்கினேன். தாலியும் அப்படித்தான் கட்டினேன். அவன் மேனேஜர் ஆனான், பிறகு ஜெனரல் மேனேஜர். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆபீசில் ஒரே ஒருவருக்காவது என்னைத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். ஆனாலும் மதியம் அவன் டிபன் டப்பா திறக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசித்தது.

நேற்று அவனுக்குப் பிரிவுபசார விழா. மூன்று பேர் பேசினார்கள்.

"என்னல சொல்லுதாங்க?" என்றான் மெதுவாக.

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"திட்டுதாங்களா?"

"இல்லல. இத்தன வருசமும் ரிசீவர்தான் ஆபீச நடத்திச்சாம். அது எல்லாருக்கும் தெரியுமாம். மாலைய அதுக்குப் போடணும்ங்காங்க."

"நியாயந்தாம்ல," என்றான்.

ரிசீவரின் துளைகள் வழியாக மாலை ஒவ்வொரு பூவாக வரத் தொடங்கியது. முழுதும் வந்து சேர அரை மணி நேரம் பிடித்தது. கழுத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்து பொன்னாடை என்று மைக்கில் அறிவித்தார்கள். முதல் நூல் காதில் பட்டது. மெல்லப் பிடித்து இழுத்தேன்.