பேர் மறைத்த தாள்கள்

கிடத்தியிருந்த அப்பாவின் உடலில் சட்டைக் கழுத்துப் பொத்தான் மாட்டவே மாட்டேன் என்றது.

"போதும் விடும்மா" என்றார் சித்தப்பா.

அவள் விடவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்த அப்பா, அந்தப் பொத்தானைப் போடாமல் வாசல் தாண்டியதே கிடையாது.

"கணக்கு வாத்தியார் வந்திருக்காரு" என்று சித்தப்பா குரலைத் தாழ்த்தினார்.

பொத்தான் மாட்டிக்கொண்டது. அவள் கைதான் அங்கேயே நின்றுவிட்டது.

அதே பள்ளியில்தான் அவளும் படித்தாள். பத்தாம் வகுப்பில், பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு எண்பது போட்ட கணக்கு வாத்தியார், அதே வழியில் அதே விடை எழுதிய அவளுக்கு ஐம்பத்தெட்டு போட்டார். "பொம்பளப் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி எழுதுதுங்க. இதுக்குக் கணக்கு குரூப் வேணாம்" என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார்.

அப்பா தலைமையாசிரியையிடம் போனார். "சாரைக் குத்தம் சொல்லலம்மா. ஒரே ஒரு பரீட்சை, பேரு தெரியாம திருத்தச் சொல்லுங்க."

"வேலைக்கு உலை வச்சுட்டு வந்திருக்கீங்களே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த பரீட்சையில் ஒவ்வொரு தாளிலும் பேரின் மேல் அப்பாவே சீட்டு ஒட்டினார். அவளுக்குத் தொண்ணூற்று நாலு. இன்னும் ஏழு பெண்களுக்கு மதிப்பெண் ஏறியது. அன்று சாயங்காலம் வகுப்பறைகளைப் பூட்டிக்கொண்டே அப்பா விசிலடித்ததை முதன்முதலாகக் கேட்டாள். வாத்தியார் ஒரு வருஷம் அப்பாவோடு பேசவில்லை. அவள் கணக்கு குரூப்பில் சேர்ந்தாள். இப்போது பாலங்களுக்கு வரைபடம் போடுகிறாள்.

வெளியே வந்தாள். வாத்தியார் கைத்தடியோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா அன்னைக்குப் பண்ணதுல எனக்கு ரொம்பக் கோபம்மா" என்றார். "அப்புறம் அந்தத் தாளையெல்லாம் எடுத்து வச்சுப் பார்த்தேன். ரிட்டையர் ஆகுற வரைக்கும் பேரை மறைச்சுத்தான் திருத்தினேன். அவர்கிட்ட வாயத் திறந்து சொன்னதில்ல."

"அப்பாவுக்குத் தெரியும் சார். பரீட்சைக்குப் பரீட்சை உங்க மேஜையில சீட்டு வெட்டி வச்சது அவர்தானே."

வாத்தியார் கைத்தடியை ஊன்றி உள்ளே வந்தார். அவள் அப்பாவின் தலைமாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார்."

"இருக்கட்டும்மா."

சுடுகாட்டு வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.