அண்ணன் விழுந்த ஆட்டம்

“போதும்ணா, எழுந்திரு. அந்தப் பருப்பெல்லாம் எங்கிட்ட வேகாது” என்று வலைக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தான் தம்பி.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. பதினெட்டுக்குப் பதினொன்று என்று தோற்றுக்கொண்டிருக்கிற மனிதர் அவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடுவாரா? தோல்வி நெருங்கினால் தடாலென்று விழுவதும், எதிராளியின் வேகம் ஆறும்வரை படுத்துக் கிடப்பதும் அவருக்குக் கைவந்த கலை. நாற்பது வருட இறகுப்பந்தில் தம்பி பார்க்காததா? அவன் பந்தின் இறகுகளை நீவிவிட்டான். தண்ணீர் குடித்தான். அப்புறம்தான் அந்த மூச்சு காதில் விழுந்தது. குறட்டை மாதிரி, நெடுநேரத்துக்கு ஒன்றாக வந்தது.

வலைக்கு அடியில் எப்படி நுழைந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி மண்டபக் காவலாளியிடம் கத்தினான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை முதலுதவிப் பயிற்சி என்று பொம்மையைக் கிடத்தி நெஞ்சை அழுத்தப் பழக்குவார்கள். போன முறை அதற்குப் பெயர் வைத்துக் கிண்டலடித்தவனும் இவன்தான். அண்ணனின் நெஞ்சு பொம்மையைப் போல இல்லை. உள்ளே எதுவோ மளுக்கென்றது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை.

பதினொரு நிமிடத்தில் வந்து இறங்கிய பெண் டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். “சரியாத்தான் அழுத்துறீங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க” என்றார். அண்ணனின் நெஞ்சு வியர்வையில் நனைந்திருந்தது. துண்டால் துடைத்து, மின்சாரம் பாய்ச்சும் பட்டைகளை ஒட்டினார். “எல்லாரும் கையெடுங்க.” உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு குழாய், ஊசி, மறுபடி மின்சாரம். இடையிடையே உதவியாளர்கள் இருவர் மாறி மாறி அழுத்தினார்கள். டாக்டரின் குரல் மட்டும் ஒரு தடவைகூட உயரவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி நின்றான்.

விஷயம் தெரிந்து பக்கத்துத் தெருவிலிருந்து அண்ணி ஓடி வந்தாள். காவலாளி வாசலிலேயே மறித்தான்.

“அவங்க வரட்டும்” என்றார் டாக்டர். “அவர் கையைப் பிடிச்சுக்கோங்கம்மா. எங்களுக்கு இடைஞ்சல் இல்ல.”

அண்ணி பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “நாப்பது நிமிஷமா முயற்சி பண்றோம்மா. இதயம் திரும்பத் துடிக்கல. இனிமே துடிக்காது. நிறுத்தப் போறேன்.”

அண்ணி தலையசைத்தாள். உதவியாளர் கைகளை எடுத்தார்.

தம்பியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “டாக்டர், நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன். நடிக்கிறார்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் இருக்கும். தண்ணிகூடக் குடிச்சேன். உடனே ஓடியிருந்தா பொழைச்சிருப்பாரா?”

டாக்டர் கையுறைகளைக் கழற்றிவிட்டுத் தரையில் அவனருகே உட்கார்ந்தார்.

“தெரியாதுங்க. உங்க மனசுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்தான். ஆனா நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். நாங்க வந்தப்போ இதயம் முழுசா அடங்கல. நீங்க விடாம அழுத்தினது அதுக்குப் பெரிய காரணம். அதனாலதான் எங்களால இவ்வளவு தூரம் முயற்சி பண்ண முடிஞ்சது.”

வெறும் ஆறுதலாக இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டான். இதை நம்பினான். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதிரே அண்ணி இருந்தாள். இனி எந்த முகத்தோடு அவள் வீட்டுப் படி ஏறுவது? தலைநிமிரவே அவனுக்குப் பயமாக இருந்தது.

“எத்தனை?” என்றாள் அண்ணி.

“என்ன அண்ணி?”

“ஆட்டம். எத்தனைக்கு எத்தனை?”

“பதினெட்டு, பதினொண்ணு. நான்தான் முன்னாடி.”

அண்ணியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பார்த்தால், சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“அப்போ நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன் தம்பி. போன வாரம் பாத்திரம் தேய்க்கச் சொன்னேன், இடுப்பு பிடிச்சிருச்சுன்னு இப்படித்தான் படுத்தார். தாண்டிப் போயிட்டேன். உன் சிரிப்பைக் கேட்டுக்கிட்டே போயிருக்கார். எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?”

தம்பி அப்போதுதான் வாய்விட்டு அழுதான். அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. டாக்டர் எழுந்துபோய்ச் சற்றுத் தள்ளி நின்று தன் காகிதங்களை எழுதினார்.

அண்ணி கணவரின் கால் பக்கம் நகர்ந்தாள். ஷூ நாடா இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

“நீ அந்தக் காலைப் பாரு” என்றாள்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றக் காலருகே உட்கார்ந்தான்.