மைக்கண்ணனின் விளக்கக் கடிதம்

நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் வந்து சேராவிடில் வழக்குத் தள்ளுபடியாகும் என்று சர்வதேச மனித உரிமை நீதிமன்றம் எழுதியிருந்தது. சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டிற்று.

வழக்கறிஞர் ஒரு காலத்தில் அமைச்சராக இருந்தவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதனால் கட்சித் தொண்டர்கள் அவருக்கு 'மைக்கண்ணன்' என்று பெயர் வைத்திருந்தனர். தேர்தலில் தோற்றபின், பெட்டியில் கிடந்த சட்டப் பட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். உள்நாட்டில் நீதி கிடைக்காதவர்களுக்காக அயல்நாட்டு நீதிமன்றத்தின் படியேறினார். ஒன்பது ஆண்டுகளில் நல்ல பெயரும் ஈட்டினார். நாக்கு மட்டும் பழைய தொழிலிலேயே தங்கிவிட்டது.

எதிரே அமர்ந்திருந்த அம்மையாரின் மகனைப் பதினோர் ஆண்டுகளுக்கு முன் இராணுவ வண்டியொன்று ஏற்றிச் சென்றது. அவன் இருக்கிறானா, இல்லையா என்பதுகூடத் தெரியாது. வழக்கு முற்றியதும் அரசு இறங்கி வந்து, சமரசமாக முடித்தால் அவன் கதியை எழுத்தில் தருவதாகச் சொன்னது. பேச்சு முடியும்வரை வெளியே மூச்சுவிடலாகாது. மீறினால் வழக்குப் போய்விடும் என்பது விதி. சென்ற வாரம் நடந்த பாராட்டுக் கூட்டத்திலோ, கைதட்டல் காதில் விழுந்த மாத்திரத்தில், "அரசு பணிந்துவிட்டது! பிள்ளையின் கதியை எழுதித் தரப்போகிறது!" என்று மைக்கண்ணன் இருமுறை முழங்கிவிட்டார். அம்மையாரும் மேடையிலிருந்தமையால் அவரும் இதற்கு உடந்தையே என்று அரசு புகார் செய்ய, நீதிமன்றம் விளக்கம் கேட்டிருந்தது.

"எழுதியாச்சா அண்ணே?" என்றாள், கணினிமுன் அமர்ந்து அவருடைய அலுவலகத்தை நடத்திவரும் தங்கை. "இல்ல, அதுக்கும் ஒரு மேடை போடணுமா?"

"குத்திக் காட்டாதே. வாய்தவறி வந்துருச்சுன்னு போடு."

"வாய் ரெண்டு தடவையா தவறும்? வீடியோ அரசுகிட்டயும் இருக்கு."

அம்மையார் மெல்லத் தலை நிமிர்ந்தார். "ஐயா, அன்னைக்கு நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்தேனே?"

"ஆமாம்மா. சந்தோஷம் தாங்காம இழுக்கறீங்கன்னு நெனச்சேன்."

"வேண்டாம்னுதான் இழுத்தேன். நீங்க இன்னும் சத்தமாப் பேசினீங்க."

முப்பதாண்டு மேடை வாழ்வில், பின்னாலிருந்து எவர் கையைப் பிடித்தாலும் பேச்சை நீட்டுவதே அவர் வழக்கம். எதற்காகப் பிடித்தார்கள் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரல்லர்.

தங்கை வீடியோவை ஓட்டினாள். மெலிந்த கையொன்று இருமுறை அவர் மணிக்கட்டைப் பற்றி இழுப்பது தெளிவாகத் தெரிந்தது.

"இதை எழுதினா அம்மா தப்பிக்க வழி உண்டு," என்றாள். "கட்சிக்காரர் தடுத்தும் கேக்காத வக்கீலை அந்தக் கோர்ட்டு இனிமே வாசப்படி மிதிக்க விடாது. நீங்க தொலைஞ்சீங்க."

அவர் வேறு வழி தேடினார். நான்கு முறை தொடங்கினார். நான்கும் சொற்பொழிவாகவே வந்தன. நான்கையும் தங்கை அழித்தாள். மணி பதினொன்றரையைத் தாண்டிற்று. இறுதியில் ஒரே வாக்கியம் எழுதினார்: 'என் கட்சிக்காரர் என்னைத் தடுத்தார், நான் நிறுத்தவில்லை.'

பன்னிரண்டிற்கு எட்டு நிமிடம் இருக்கையில் கடிதம் போயிற்று. சற்று நேரத்தில் பதில் வந்தது: முடிவு மூன்று திங்களில் தெரிவிக்கப்படும், அதுவரை சமரசப் பேச்சு நிறுத்தப்படுகிறது, மனுதாரர் உடனே வேறு வழக்கறிஞரை அமர்த்துக.

அம்மையார் அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப புதுசா வர்றவர்கிட்ட எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லணுமா ஐயா? அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டை நிறத்துலருந்து?"

"வேண்டாம்மா. நானே எழுதித் தர்றேன்." அவர் அவசரமாக வெள்ளைத்தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். முதல் வரியிலேயே பேனா நின்றது.

"நீலந்தானேம்மா?"

"பச்சை. கட்டம் போட்டது," என்றார் அம்மையார். "உங்ககிட்ட இதோட நாலாவது தடவை சொல்றேன்."